பழைய லாரியின் ஆக்சிலைப் புதுப்பிக்கத் தரமான பாகங்கள்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ தரகுப்பேட்டையிலும் யஷ்வந்தபுரம் லாரி முனையத்திலும் பாரம் ஏற்றி ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று ஓடும் தமிழ் லாரிக்காரர்கள் பலரிடம் இன்னும் பழைய டாடாவும் லேலண்டும்தான் இருக்கின்றன. ஆக்சில் சத்தம் போடத் தொடங்கியதும் ஜே.சி. ரோட்டுக்கோ கலாசிபாளையத்துக்கோ போகிறார்கள். ஒரே பாகம் அங்கே மூன்று விலையில் கிடைக்கிறது. எதை வாங்குவது, எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கவே கூடாது என்று பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை.

கடைக்குப் போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

ஆக்சிலை முழுதாகப் பிரித்து, கழுவி, அளந்து பார்க்க வேண்டும். சத்தம் வந்தவுடன் கிரவுன் பினியன் செட்டை (ஆக்சிலுக்குள் ஒன்றோடொன்று கடிக்கும் பெரிய, சிறிய பல் சக்கர ஜோடி) வாங்கி வந்துவிட்டு அதன் பிறகு பிரிப்பவர்கள் உண்டு. பிரித்துப் பார்த்தால் பல் எல்லாம் நன்றாக இருக்கும். பினியன் பேரிங் மட்டும் போயிருக்கும்.

வடிக்கிற ஆயிலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். காந்தப் பிளக்கில் மென்மையான சாம்பல் நிறப் படிவு ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். செதில்கள் வந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது. ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிரீதர் என்ற காற்றுத் துளை அடைத்துக்கொண்டதா, சீல் கிழிந்ததா என்று தேட வேண்டும்.

பிறகு அளவு. ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) முனையில் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பேரிங் உட்காரும் இடம், ஹப்புக்குள் பேரிங்கின் வெளி வளையமான கப் உட்காரும் துளை, சீலின் உதடு உரசும் வளையம், ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) ஆகிய நான்கையும் மைக்ரோமீட்டர், போர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால் உலகத்திலேயே நல்ல பேரிங்கைப் போட்டாலும் அது சில மாதங்களில் சுழன்று சூடேறிப் போய்விடும். பழுதான இடத்தில் நல்ல பாகம் நிலைக்காது. அளந்த பிறகே வாங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வண்டி மாடலைச் சொன்னால் கடைக்காரர் சரியான பாகம் தருவாரா?

புது வண்டிக்குத் தருவார். பழைய வண்டிக்கு அதை நம்பக் கூடாது. ஐந்தாறு கை மாறிய லாரியில், முன்பிருந்த உரிமையாளர் வேறு வண்டியின் ஆக்சிலையே மாற்றியிருக்கலாம், அல்லது மலைப்பாதைக்காகப் பல் விகிதத்தை மாற்றியிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது சேசிஸ் எண். உள்ளே இருக்கும் பினியனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆக்சில் ஹவுசிங்கில் உள்ள தகட்டைத் துடைத்துக் குறியீட்டைப் படியுங்கள். டாடாவில் ஆர்.ஏ. 109, ஆர்.ஏ. 110 என்பது போல இருக்கும். தகடு இல்லையென்றால் கிரவுன் பற்களையும் பினியன் பற்களையும் எண்ணுங்கள். 41க்கு 6 என்றால் விகிதம் 6.83, 41க்கு 7 என்றால் 5.86. முதலாவது ஏற்றத்தில் இழுக்கும். இரண்டாவது சமவெளியில் டீசலை மிச்சப்படுத்தும். ஸ்ப்ளைன் எண்ணிக்கை, ஷாஃப்டின் நீளம், பிளேட்டில் உள்ள துளைகளின் எண்ணிக்கை, பழைய பேரிங்கில் பொறித்த எண் என எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு, முடிந்தால் பழைய பாகத்தையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு பின் ஆக்சிலுக்கும் ஓட்டம் உள்ள டிப்பர் என்றால் இரண்டின் விகிதமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து உடையும்.

ஒரிஜினல், ஓ.இ., லோக்கல் ஆகியவற்றில் என்ன வித்தியாசம்?

வண்டி நிறுவனத்தின் பெயரிட்ட பெட்டியில் வருவது ஒரிஜினல். டாடா ஜெனுயின் பார்ட்ஸ், அசோக் லேலண்டின் லேபார்ட்ஸ் போன்றவை இந்த வகை. ஆனால் வண்டி நிறுவனங்கள் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. பல் சக்கரங்களுக்கு பாரத் கியர்ஸ், ஆக்சில் ஷாஃப்டுக்குப் பஞ்சாபின் ஜி.என்.ஏ., முழு ஆக்சிலுக்கு மைசூரில் உள்ள ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் என்று, வண்டித் தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் சந்தைக்கு விடுவதுதான் ஓ.இ. தரம். அது ஒரிஜினலைவிட விலை குறைவு, தரத்தில் நம்பலாம். பழைய வண்டிக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன்.

லோக்கல் என்பது ஒரே தரமல்ல. பெயர் போட்டு, முகவரி போட்டு, பல ஆண்டுகளாக ஒரே பாகத்தைச் செய்யும் சிறு பட்டறைகளும் அதில் உண்டு. பெயரே இல்லாத பெட்டிகளும் உண்டு. திரஸ்ட் வாஷர், டஸ்ட் கவர், பிரீதர், கேஸ்கெட் ஆகியவற்றில் நல்ல லோக்கல் போதும். சுழலும் பாரத்தையோ முறுக்கையோ தாங்கும் எதிலும் பெயரில்லாப் பெட்டியை எடுக்காதீர்கள்.

தேய்ந்தது பினியன் மட்டும்தான். அதை மட்டும் மாற்றலாமா?

கூடாது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டு, பல்லோடு பல் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்படுகின்றன. அதனால்தான் இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறித்திருப்பார்கள். வாங்கும்போது பெட்டியைத் திறந்து இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கடையில் பலரும் திறந்து பார்த்துத் திரும்ப வைக்கும்போது ஜோடி மாறிப்போவது உண்டு. எண் மாறியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

பினியன் தலையில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஒரு சிறிய எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்படை அளவிலிருந்து எவ்வளவு தள்ளி அந்தப் பினியன் உட்கார வேண்டும் என்பதை அது சொல்கிறது. பழைய சிம்மையே (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கணக்குப் பார்க்காமல் திரும்பப் போட்டால், புது செட்டும் முதல் நாளிலிருந்தே ஊளையிடும். பொருத்திய பிறகு பல்லில் நீல மை தடவிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் நடுப்பகுதியில், சற்றே உட்பக்க முனையை நோக்கி விழ வேண்டும். பாரம் ஏறும்போது அது வெளிப்பக்கம் நகர்ந்து பரவும். உச்சியிலோ அடியிலோ மட்டும் விழுந்தால் பினியனின் ஆழம் தவறு. பல் இடைவெளியை டயல் கேஜில் பார்த்து, அந்த ஆக்சிலுக்கு நிறுவனம் சொல்லும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும் மேஸ்திரியிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

புதுப் பல்லின் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுதான். நல்ல செட்டில் பல்லின் முகம் ஒரே சீராக மங்கலாக இருக்கும், விளிம்புகளில் பிசிறு இருக்காது, ஸ்ப்ளைனும் மரையும் சுத்தமாக இருக்கும். ஓர் எளிய சோதனை: பல் முகத்தைத் தொடாமல், பாரம் படாத ஓரத்தில் புது அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். சரியாகக் கடினமாக்கிய எஃகில் அரம் வழுக்கும். பிடித்து வெட்டினால் அந்தப் பாகம் வேண்டாம்.

ஆனால் மேல்பரப்பு கடினமாக இருந்தால் மட்டும் போதாது. கிரவுன் பினியனுக்குக் குறைந்த கரிம எஃகை எடுத்து, கரிமம் ஏற்றி, மேல் தோலை ஏறத்தாழ 58 முதல் 62 ராக்வெல் சி (கடினத்தை அளக்கும் அளவு) வரை கடினமாக்குவார்கள்; உட்புறம் மென்மையாக, அதிர்ச்சியைத் தாங்கும்படி இருக்கும். மலிவான செட்டில் உள்ளும் புறமும் ஒரே கடினமாகிவிடுவது உண்டு. அது தேயாது, ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பல் முறிந்துவிடும். சந்தேகம் இருந்தால் பீன்யாவில் வெப்பப் பதப்படுத்தும் பட்டறைகள் ஏராளமாக இருக்கின்றன. ராக்வெல் சோதனை செய்து தருவார்கள். பல வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு செட்டையாவது இப்படிச் சோதித்துவிட்டு மொத்தமாக வாங்குவது நல்லது.

பேரிங்கில் எது நல்லது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிம்கென், எஸ்.கே.எஃப்., எஃப்.ஏ.ஜி., ஜெய்ப்பூரின் என்.பி.சி. என நம்பத்தக்க பெயர்கள் பல இருக்கின்றன. எந்தப் பெயர் என்பதைவிட, அது உண்மையில் அந்தப் பெயர்தானா என்பதே பெரிய கேள்வி. லாரி ஆக்சில் பாகங்களில் போலி அதிகம் புழங்குவது பேரிங்கில்தான்.

எழுத்து லேசரால் சன்னமாக, சமமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் பேரிங்கில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அமிலத்தால் அரித்தது போன்ற கறுத்த எழுத்து, மெருகேற்றிய தடயம், பழைய எண்ணை அழித்த சுவடு ஆகியவை தெரிந்தால் விலகுங்கள். நிறுவனங்களே சரிபார்க்க வழி வைத்திருக்கின்றன, எஸ்.கே.எஃப். ஆத்தென்டிகேட் என்ற கைபேசிச் செயலியில் படம் எடுத்து அனுப்பலாம். சந்தை விலையைவிட மிகவும் குறைத்துக் கொடுத்தால் அதுவே போதுமான சாட்சி. எல்லாவற்றையும்விட உறுதியான வழி, அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவது.

எண்ணைப் புரிந்துகொள்வதும் உதவும். மெட்ரிக் டேப்பர் ரோலரில் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் வரும். 32310 என்றால் உள்விட்டம் 50 மி.மீ., வெளிவிட்டம் 110 மி.மீ. அங்குல வரிசை பேரிங்குகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கப்பையும் உள் வளையமான கோனையும் வெவ்வேறு நிறுவனத்தில் எடுத்துச் சேர்க்காதீர்கள். பழைய கப்பை ஹப்பிலேயே விட்டுவிட்டுப் புதுக் கோனை மட்டும் போடுவதும் கூடாது. பேரிங் என்றால் இரண்டும் சேர்ந்ததுதான்.

இன்னொன்று: ஹப்பில் கப் கையாலேயே உள்ளே விழுந்தால், துளையில் சுற்றிலும் பஞ்ச் அடித்து இறுக்குவார்கள். அன்றைக்கு இறுகும், சில நாளில் அந்தப் புள்ளிகள் மழுங்கிக் கப் சுழலும். அந்த ஹப்பின் ஆயுள் முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆயில் சீல் சிறிய பொருள்தானே, அதில் விலை பார்க்கலாமா?

இந்தப் பட்டியலில் மிக மலிவான பாகமும் அதுதான், பெரிய சேதத்தைச் செய்யக்கூடியதும் அதுதான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து பாரத்தோடு சேலம் போகிற பெரும்பாலான லாரிகள் தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக் டிரம் கொதிக்கிறது, அந்தச் சூடு ஹப்புக்கு ஏறுகிறது. சாதாரண நைட்ரைல் ரப்பர் ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் இறுகி வெடித்துவிடும். சீல் விட்டால் கிரீஸும் ஆயிலும் பிரேக் லைனிங்கில் ஏறும். அடுத்த இறக்கத்தில் அந்தச் சக்கரத்தில் பிரேக் இருக்காது. தொப்பூரில் பிரேக் இல்லாத லாரி என்ன செய்யும் என்பதை அந்தப் பாதையில் ஓடுபவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே ஹப்புக்கும் பினியனுக்கும் விட்டான் அல்லது அதற்கு இணையான சூடு தாங்கும் ரப்பரில் செய்த சீலைக் கேட்டு வாங்குங்கள். சீல் உரசும் வளையத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், வளையத்தையும் மாற்றுங்கள், அல்லது மேலே மெல்லிய ஸ்லீவ் போடுங்கள். பள்ளத்தின் மேல் புதுச் சீல் போட்டால் அது அடுத்த வாரமே கசியும்.

முறுக்கிப்போன ஷாஃப்டை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாமா?

வேண்டாம். ஷாஃப்ட் முறுக்கைத் தாங்கும்படி கடினமாக்கப்பட்டது. வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் அந்தக் கடினம் போய்விடும், அங்கேயே அடுத்த முறை உடையும். ஸ்ப்ளைன் கோடுகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் அந்த ஷாஃப்ட் ஏற்கெனவே முறுக்கு வாங்கிவிட்டது. உடைவதற்குள் மாற்றிவிடுங்கள்.

ஹவுசிங் முனையில் தேய்ந்த இடத்தில் வெல்டிங் நிரப்பிக் கடைவதையும் நான் ஆதரிப்பதில்லை. முழு பாரமும் அந்த முனையில்தான் நிற்கிறது. சூட்டில் அது வளையவும் செய்யும், விரிசலும் விடும். மெட்டல் ஸ்பிரே செய்து கிரைண்டிங் பிடிக்கலாம். அதிகம் தேய்ந்திருந்தால் நல்ல பழைய ஹவுசிங்கைத் தேடுவதே மேல்.

சிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) பழைய பாகம் வாங்கலாமா?

சிலவற்றை வாங்கலாம். தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு வேறு வழியும் இல்லை. ஹவுசிங், டிஃபரன்ஷியல் கூடு, ஹப், ஸ்டப் ஆக்சில் (முன் சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சு) ஆகியவை பழையதாக இருந்தாலும் நேராக, விரிசல் இல்லாமல் இருந்தால் போதும். வாங்கும் முன் காந்தத் துகள் முறையில் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள், குறைந்தபட்சம் சாயம் ஊற்றியாவது பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டப் ஆக்சிலில் அடிப்பக்க வளைவுதான் விரிசல் விடும் இடம். பழைய கிரவுன் பினியன் ஜோடியாக, அதே எண்ணோடு கிடைத்து, பல்லில் குழி இல்லாமல், சூட்டில் நீலம் பாயாமல் இருந்தால் அதையும் எடுக்கலாம். பெயரில்லாத புது செட்டைவிட அது நல்லது. பேரிங், சீல், கிங் பின் (முன் சக்கரம் திரும்ப உதவும் செங்குத்து முளை), போல்ட் ஆகியவற்றைப் பழையதில் ஒருபோதும் வாங்கக் கூடாது.

முன் ஆக்சிலில் எதைப் பார்க்க வேண்டும்?

கிங் பின் செட்டை முழுதாக வாங்குங்கள்: பின், புஷ், திரஸ்ட் பேரிங், சிம், பூட்டுப் பின் எல்லாம் ஒரே தயாரிப்பில். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே நீள ரீமரால், ஒரே ஓட்டத்தில் ரீம் செய்யும் பட்டறையைத் தேடுங்கள். தனித்தனியாகச் செய்தால் இரண்டும் ஒரு கோட்டில் நிற்காது. ஸ்டியரிங் இறுகும், புஷ் ஒரு பக்கம் தின்னும். புஷ்ஷில் கிரீஸ் துளையும் ஸ்டப் ஆக்சிலின் நிப்பிள் துளையும் நேராக அமைந்தனவா என்பதையும் நின்று பாருங்கள்.

போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

கிரவுன் போல்ட், யூ போல்ட், பூட்டு வாஷர் மூன்றும் புதிதாகவே இருக்க வேண்டும். போல்ட் தலையில் 10.9 அல்லது 12.9 என்று கிரேடும், செய்தவரின் குறியும் இருக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள்.

பணம் குறைவு. எதில் முதலில் செலவிடுவது?

கனரக லாரிகளின் பின் ஆக்சில் பெரும்பாலும் முழு மிதவை வகை. சக்கரத்தின் பாரத்தை ஹவுசிங்கும் ஹப் பேரிங்கும் சுமக்கின்றன. ஷாஃப்ட் முறுக்கை மட்டுமே கடத்துகிறது. ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நிற்கும். ஹப் பேரிங் போனால் சக்கரமே கழன்று சாலையில் ஓடும். இந்த ஒன்றை மனத்தில் வைத்தால் வரிசை தானாகத் தெரியும். முதலில் ஹப் பேரிங், சீல், ஹப் நட்டும் பூட்டு வாஷரும். அடுத்து கிங் பின், டை ராடு எண்ட் (முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை மூட்டு). பிறகு பினியன் பேரிங். அதன் பிறகே கிரவுன் பினியன். ஊளையிடும் கிரவுனோடு கவனமாகச் சில மாதம் ஓட்டலாம். ஆடும் ஹப்போடு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டும் தேதி நெருங்குகிறது என்று வெளியே பெயின்ட் அடித்துவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையுமே?

குறையும். ஆனால் பில் இல்லாத பாகத்தில் குறை வந்தால் யாரிடமும் போய் நிற்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், பில்லுக்கும் பில் இல்லாததற்கும் இருந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது. பில்லில் பாக எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

நல்ல பாகம் போட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

ஏற்றக் கூடாது. 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலின் சட்ட அனுமதி 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. அதற்கு முன் செய்த ஹவுசிங் அந்த அறிவிப்பால் தடிமனாகிவிடவில்லை. ஆர்.சி.யில் உள்ள எடைதான் உங்கள் வண்டியின் எல்லை.

எந்த ஆயில் ஊற்ற வேண்டும்? கட்டி முடித்த பின் என்ன பார்க்க வேண்டும்?

பினியன், கிரவுனின் மையக் கோட்டுக்குக் கீழே இறங்கி அமைந்திருந்தால் அது ஹைப்பாய்டு, அதற்கு ஜி.எல்.-5 தர ஆயில் கட்டாயம், ஏனென்றால் அந்தப் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. கெட்டித் தன்மை 85டபிள்யூ-140ஆ, 80டபிள்யூ-90ஆ என்பதை வண்டியின் கையேட்டில் பாருங்கள். மீதமான ஜி.எல்.-5 ஆயிலைக் கேட்காமல் கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள். அங்குள்ள பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும்.

பினியன் பேரிங்கில் பிளே (ஆட்டம்) இருக்கவே கூடாது; ஃபிளாஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து அதன் இறுக்கத்தை அளக்க வேண்டும். ஹப் பேரிங் இதற்கு நேர்மாறு. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, டயல் கேஜில் ஏறத்தாழ 0.03 முதல் 0.13 மி.மீ. வரை பிளே வைத்துப் பூட்ட வேண்டும்.

முதல் ஓட்டம் பாரமில்லாமல் இருக்கட்டும். ஓசூர் வரை போய் நிறுத்தி, நான்கு ஹப்பையும் பினியன் பகுதியையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு ஒரு ஹப்பில் மட்டும் இருந்தால் அதன் நட்டு இறுகியிருக்கலாம், அங்கேயே பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். சில நூறு கி.மீ. ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடியும் டார்க் வைத்து இறுக்குங்கள். புதுப் பல் உதிர்க்கும் முதல் துகள்கள் ஆயிலில்தான் சேரும் என்பதால் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட்டு, காந்தப் பிளக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்று துடைத்துப் பாருங்கள்.